தட்டுவடை செட்டுக்கு மார்க் போடுவது யார்? பள்ளிபாளையம் முனைக்கடைகளின் தினசரிப் பரீட்சை

ரொட்டி இல்லாமல் சாண்ட்விச் செய்ய முடியுமா? சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். "அதைத்தானுங்க தினம் சாயங்காலம் தின்னுட்டு இருக்கோம்" என்பார்கள்.

இரண்டு சின்னத் தட்டுவடை. நடுவே பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். மேலே இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு, ஒரு கிள்ளு மல்லித்தழை. ஒரே வாயில் போட்டால் மொறுமொறுவென்று உடைந்து, காரமும் புளிப்பும் இனிப்பும் ஒன்றாகச் சேரும். அதுதான் தட்டுவடை செட்.

சீட்டாட்ட மேசையை விட்டு எழுந்திருக்க மனமில்லாத இங்கிலாந்துப் பிரபு ஒருவர் ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துக் கேட்டதால் சாண்ட்விச் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 18-ம் நூற்றாண்டில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மும்பைத் தெருவில் அதே சாண்ட்விச் பச்சைச் சட்னியும் பீட்ரூட்டும் வெள்ளரியும் உருளைக்கிழங்குமாக மாறியது. பெங்களூரில் நிப்பட்டு மசாலா இருக்கிறது. நிப்பட்டு என்பது நம் தட்டுவடைக்குக் கன்னடத்தில் உள்ள பெயர். ஒவ்வொரு ஊரும் தன் வாய்க்கு ஏற்றபடி ஒன்றைச் செய்துகொள்கிறது. சேலம் சமவெளி செய்துகொண்டது தட்டுவடை செட்.

ஆர்டரே விமர்சனம்தான்

ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் மறுகரையில் இருக்கிறது பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டத்து ஊர். பக்கத்தில் காகித ஆலை, சர்க்கரை ஆலை. தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். பகல் ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்கள், இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள், டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள், காய்கறி வாங்க வந்த பெண்கள் என்று எல்லோரும் சாயங்காலத்தில் ஒரே நேரத்தில் தெருவில் இருப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் முனைக்குமுனை தள்ளுவண்டி நிற்பதில் ஆச்சரியமில்லை.

வண்டிக்கு முன்னால் நின்று கேட்டால், ஒருவர் சொல்வது போல இன்னொருவர் சொல்வதில்லை.

"அண்ணா, காரம் தூக்கலாப் போடுங்க."

"பாப்பாவுக்குக் காரமே வேண்டாமுங்க, பீட்ரூட் மட்டும் வெச்சுக் குடுங்க."

"அக்கா, நேத்து வெங்காயம் கம்மி. இன்னைக்குச் சேத்து வைங்க."

"எனக்கு நொறுக்கலுங்க, முட்டை போட்டு."

ஓட்டலில் சமையல் முடிந்து தட்டு வந்த பிறகுதான் வாடிக்கையாளர் கருத்துச் சொல்ல முடியும். இங்கே செட் அடுக்கும்போதே கருத்தும் உள்ளே போய்விடுகிறது. நேற்று சொன்ன குறையை இன்றைக்குச் சரிசெய்து கொடுத்தால், அந்த ஆள் நாளைக்கும் வருவார். முறுக்கு செட், மாங்காய் செட், வடையையும் முறுக்கையும் உடைத்துப்போட்டுக் கலக்கும் நொறுக்கல், அவித்த முட்டை சேர்த்த செட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போவதற்கும், இப்படி வண்டியோரம் நின்று கேட்டவர்கள்தான் காரணம்.

நாலு புகார், நாலு காரணம்

வாடிக்கையாளர் சொல்லும் குறைகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. நாலு புகார்தான் திரும்பத் திரும்ப வரும். நாலுக்கும் காரணம் இருக்கிறது.

முதல் புகார்: "வடை நமுத்துப் போச்சுங்க." தட்டுவடையின் மொறுமொறுப்பே அதில் ஈரம் இல்லாததால் வருவது. டப்பா மூடி திறந்தே கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டெடுத்த வடையும் எண்ணெய் குடித்துத் துவண்டுவிடும். கெட்டிக்காரக் கடைக்காரர்கள் தேவைக்குத் தகுந்த அளவு மட்டும் வெளியே எடுத்து வைத்து, மீதியை இறுக மூடி வைப்பார்கள். வாடிக்கையாளர் பங்கும் இதில் உண்டு. செட்டை அப்படியே பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால், சட்னியும் காயும் வழியிலேயே வடையை ஊறவைத்துவிடும். "வடை தனியா, சட்னி தனியா, காய் தனியா கட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கி வீட்டில் அடுக்குவதே சரி.

இரண்டாவது: சட்னி. தண்ணீராக இருக்கிறது, அல்லது கறுத்துவிட்டது என்பார்கள். புதினாவையும் மல்லியையும் அரைத்ததும் காற்றுப் பட்டுப் பச்சை நிறம் மங்கத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. அதனால் நிறத்தைப் பார்த்தே எப்போது அரைத்தது என்று ஓரளவு யூகிக்கலாம். நிறத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பச்சைச் சட்னியையும் துருவிய காயையும் யாரும் வேகவைப்பதில்லை. எனவே அரைக்கும் தண்ணீர், காய் கழுவும் தண்ணீர், கையின் சுத்தம் மூன்றும் சரியாக இருந்தே ஆக வேண்டும். காலையில் அரைத்ததை இரவு வரை வெயிலில் வைத்திருந்தால் வயிறு கெடும். இதைத் தயங்காமல் கேட்கலாம்.

மூன்றாவது: எண்ணெய்ச் சிக்கு வாடை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுக்கும், பிசுபிசுக்கும், நுரைக்கும். எண்ணெய் கெட்டுப்போவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அளக்கும் கருவி தள்ளுவண்டியில் இருக்காது. வாடிக்கையாளரின் மூக்குதான் அங்கே கருவி. இதில் இன்னொரு சங்கதி உண்டு. பல வண்டிக்காரர்கள் வடையைத் தாங்களே சுடுவதில்லை. வீட்டிலேயே தொழிலாகச் சுட்டு விற்பவர்களிடம் வாங்குகிறார்கள். அதனால் "வடையில சிக்கு வாடை வருதுங்க" என்று ஒருவர் சொன்னால், அது வண்டியைத் தாண்டி இன்னொரு வீட்டு அடுப்புக்கும் போய்ச் சேர வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் அந்த அடுப்பில் இருப்பவருக்குத் தன் வடை கெட்டிருப்பது தெரியவே தெரியாது.

நான்காவது: காகிதம். அச்சடித்த செய்தித்தாளில் உணவைக் கட்டுவதும் பரிமாறுவதும் கூடாது என்று 2018-ம் ஆண்டின் உணவுப் பொதியல் விதிகள் சொல்கின்றன. சூடும் எண்ணெயும் பட்டால் அச்சு மை உணவில் ஒட்டும். பிளாஸ்டிக் தாளும் பதில் கிடையாது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. வாழை இலைத் துண்டோ பாக்குமட்டைத் தட்டோ இருந்தால் நல்லது. வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுபோனால் இன்னும் நல்லது.

பள்ளிபாளையம் சிக்கனுக்கு என்ன ஆனது?

வாடிக்கையாளர் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊர்ப் பெயரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

பள்ளிபாளையம் சிக்கன் இன்று தமிழ்நாடு முழுக்க மெனு கார்டில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் சொல்லும் பக்குவம் எளிமையானது. சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிய கோழி, சின்ன வெங்காயம், விதை தட்டிய காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, தேங்காய்ப் பல். மசாலாப் பொடிகளுக்கு அதில் வேலையில்லை. கறியும் வெங்காயமும் விடும் தண்ணீரிலேயே பெரும்பாலும் வெந்து சுண்டும்.

ஆனால் வெளியூர்களில் அதே பெயரில் கரம் மசாலா மணக்கும் கிரேவியும் வருகிறது, செக்கச்செவேல் என்று நிறமேற்றிய வறுவலும் வருகிறது. சமைப்பவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. "இது அது இல்லைங்களே" என்று சொல்லத் தெரிந்த ஆள் அங்கே சாப்பிட உட்காரவில்லை. சாப்பிட்டவர்களும் இதுதான் பள்ளிபாளையம் சிக்கன் போல என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தட்டுவடை செட்டுக்கும் இப்போது இதே காலம் வந்திருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் 'சேலம் தட்டுவடை செட்' என்ற பலகையோடு கடைகள் வந்துவிட்டன. அங்கே அந்த ருசி நிற்குமா என்பது, சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் வாய் திறப்பதைப் பொறுத்தது.

ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும்

இன்று கருத்துச் சொல்ல வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. செல்போனில் ஒரு தட்டு தட்டினால் போதும். அந்தத் தட்டலுக்கு எவ்வளவு கனம்?

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூகா 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும், யெல்ப் தளத்தில் அவற்றுக்குக் கிடைத்த நட்சத்திரங்களையும் ஒப்பிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவிகிதம் வரை கூடுவதாகக் கண்டார். அந்த விளைவு தனிக் கடைகளில்தான் தெரிந்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களில் தெரியவில்லை. அவற்றை எல்லோருக்கும் முன்பே தெரியும், நட்சத்திரம் பார்த்துத்தான் போக வேண்டும் என்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். ஒரு தள்ளுவண்டிக்கு ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். ஆறாவது ஆள் கோபத்தில் ஒன்று கொடுக்கிறார். சராசரி 5-லிருந்து 4.3-க்கு இறங்கிவிடும். 500 பேர் ஐந்து கொடுத்த பெரிய ஓட்டலில் அதே ஆள் ஒன்று கொடுத்தால் சராசரி 4.99. சட்னி தீர்ந்துபோனதற்காகப் போட்ட ஒரு நட்சத்திரம் பெரிய கடையைக் கீறக்கூட முடியாது. சின்னக் கடையைச் சாய்த்துவிடும்.

பொய் விமர்சனமும் உண்டு. காசு கொடுத்துப் புகழ்ச்சி எழுத வைப்பவர்களும், போட்டிக் கடைக்காரர் மேல் சேறு வீசுபவர்களும் இருக்கிறார்கள். இதற்காகவே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விமர்சனங்களைத் திரட்டி வெளியிடும் தளங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது.

பேசாமல் போகிறவர்

திட்டுகிற வாடிக்கையாளரைப் பார்த்துச் சின்னக் கடைக்காரர்கள் பயப்படுவதில்லை. "ஏனுங்க, இன்னைக்கு உப்பு தூக்கலுங்களே" என்று சொல்பவர் நாளைக்கும் வரப்போகிறவர். அவருக்குக் கொசுறாக ஒரு செட் சேர்த்து வைத்தால் கதை முடிந்தது. பயமெல்லாம் ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போய், பிறகு அந்தப் பக்கமே வராதவர் மேல்தான். வடையா, சட்னியா, தான் பேசிய விதமா, எதில் பிழை என்று கடைக்காரருக்குத் தெரியாமலே போய்விடும்.

விசைத்தறி ஊரில் இந்தக் குழப்பம் இரட்டிப்பு. நூல் விலை ஏறித் தறி ஓடாத வாரத்தில் கூலி குறையும். கூலி குறைந்தால் சாயங்கால நொறுக்குத்தீனிதான் முதலில் நிற்கும். அன்றைக்குத் துருவிய பீட்ரூட்டும் நறுக்கிய வெங்காயமும் மீந்துபோகும்போது, ருசி பிடிக்காமல் வரவில்லையா, கையில் காசில்லாமல் வரவில்லையா என்று வண்டிக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? "நல்லாத்தான் இருக்குதுங்க, இந்த வாரம் தறி ஓடல" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், அதற்கு எந்த நட்சத்திரமும் ஈடாகாது. கைப்பக்குவத்தை மாற்றாமல் அடுத்த வாரம் வரை தாக்குப்பிடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

சொல்வதைச் சரியாகச் சொல்ல

* குறையை முதலில் கடையிலேயே சொல்லுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துச் சொன்னால் காதில் விழும்.

* "நல்லா இல்லை" என்பதால் யாருக்கும் பயனில்லை. "வடை நமுத்திருக்கு", "சட்னி புளிக்குது" என்று எது, எப்படி என்று சொல்லுங்கள்.

* இணையத்தில் எழுதினால் என்ன சாப்பிட்டீர்கள், எந்த நேரத்தில் போனீர்கள் என்பதையும் எழுதுங்கள். இரவு கடை எடுத்து வைக்கும் நேரத்துச் சட்னியும் சாயங்காலச் சட்னியும் ஒன்றில்லை.

* கடைக்காரரையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுத்துப் போடாதீர்கள்.

* ருசி பிடிக்காதது வேறு, உடம்பைக் கெடுப்பது வேறு. கெட்ட எண்ணெய், அழுக்குத் தண்ணீர், சாப்பிட்டவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுங்கள். சாலையோரக் கடைக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு தேவை.

* செட் நன்றாக இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எதை மாற்றக் கூடாது என்பதும் கடைக்காரருக்குத் தெரிய வேண்டுமே!