மண் வேண்டாத செடி

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாளைச் சேவித்துத் திரும்பும் வழியில், விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி வாங்கினீர்களா? மேஜைமேல் வையுங்கள், அதில் வாண்டா ஆர்க்கிட்டை மட்டும் நட்டுவிடாதீர்கள்!

நம் ஊர் மாமரங்களில் ஒட்டி வளர்ந்தாலும், அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. வேருக்குக் காற்றோட்டம் வேண்டும். மண்ணில் புதைத்து நானே ஒன்றைக் கொன்றிருக்கிறேன், பாவம், வேர் அழுகிப்போயிற்று.

பக்கவாட்டில் துளையிட்ட மண்சட்டியில் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்டு, செடியை வைத்து, இளவெயில் படும் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். காலையில் தண்ணீர் தெளியுங்கள். வேர் வெள்ளியாய் வெளுத்திருந்தால் தாகம். பச்சையானால் போதும் என்று அர்த்தம். குருத்தில் மட்டும் நீர் தேங்கக் கூடாது.

பூத்ததும் பறித்துத் தலையில் வைத்துக்கொள்ள ஆசை வரும். பொறுங்கள், பழுப்புக் கட்டம் போட்ட அந்த இதழ்கள் செடியிலேயே இரண்டு வாரம் வாடாமல் நிற்கும்.