ஊதிப் பிறந்த கோப்பை

திருப்பூர் பக்கத்து அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் பித்தளைத் தகட்டைத் தட்டித் தட்டித்தான் பாத்திரத்துக்கு வயிறு எடுப்பார்கள். ரோமானியக் கண்ணாடிக் கோப்பைக்கு வயிறு கொடுத்தது மூச்சு.

அதற்கு முன்பும் கண்ணாடிப் பாத்திரம் உண்டு. இளகிய கண்ணாடி வட்டத்தை அச்சின்மேல் படியவிட்டு, ஆறியபின் தேய்த்து மெருகேற்றுவார்கள். நாள் பிடிக்கும் வேலை. பணக்காரர் வீட்டுப் பொருள். கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் சிரியா, பாலஸ்தீனப் பக்கத்தில் ஊதும் வித்தை பிறந்தது. எருசலேமில் தோண்டியெடுத்த பட்டறைக் கழிவில், ஒரு முனையை அடைத்து மறுமுனையில் ஊதிய சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் கிடைத்தன. தொடக்கம் அவ்வளவுதான். பிறகு தனி ஊதுகுழல் வந்தது. ஏறக்குறைய ஆயிரம் டிகிரி சூட்டில் இளகிய கண்ணாடியை அதன் நுனியில் திரட்டி ஊதினால், சில நிமிடத்தில் கோப்பை. ஆனால் சட்டென்று ஆறினால் விரிசல் விட்டுவிடும். தணிந்த சூட்டில் மெல்ல ஆற்ற வேண்டும். அச்சுக்குள் வைத்து ஊதினால் பூவேலையும் எழுத்தும் தானே பதியும். எனியோன் என்ற கைவினைஞர் தன் பெயரையே அச்சில் வெட்டிக்கொண்டார். விளம்பர ஆசை அன்றைக்கும் இருந்திருக்கிறது!

விலை சரிந்தது. ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கோப்பை வாங்கலாம் என்று எழுதினார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ.

ரோமானியக் கண்ணாடி கிழக்கேயும் வந்தது. ஆப்கானிஸ்தானத்துப் பேக்ராமில் 1930-களின் அகழாய்வில், வண்ணம் தீட்டிய கோப்பைகளே கிடைத்தன. நம் பக்கம் பெரும்பாலும் சில்லுகள்தான். 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய, புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் ரோமானியக் கண்ணாடித் துண்டுகள் வந்தன. கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் கிடைத்தவற்றில் விலா வைத்த கிண்ணங்களின் துண்டுகள் பேர்போனவை. அவை ஊதியவை அல்ல, பழைய அச்சு முறையில் வந்தவை. ஊதிய சில்லு என்றால் சுவர் மெலிந்திருக்கும். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் ஊதிய போக்கில் நீண்டிருக்கும்.

கேரளக் கரையின் பழைய துறைமுகமான முசிறிக்கு வந்த சரக்குகளை அடுக்கும் 'பெரிப்ளூஸ்' என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் கச்சாக் கண்ணாடியையும் சொல்கிறது. அதே பட்டியலில் செம்பும் வெள்ளீயமும் உண்டு, அனுப்பர்பாளையத்தார் கவனிக்க. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கே வந்தால் நொய்யல் கரையின் பழைய வணிக ஊரான கொடுமணல். சுற்றுவட்டாரமெங்கும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பக்கத்துப் படியூரின் பச்சைக்கல்லுக்குக் கிராக்கி இருந்த காலம். கப்பலேறி வரும் மெல்லிய கோப்பை வழியில் நொறுங்கினால் நட்டம். கட்டிக் கண்ணாடி உடைந்தாலும் உருக்கிக்கொள்ளலாம், மணியாகவும் இழுக்கலாம். வியாபாரிக்கு எது லாபமென்று தெரிந்தே இருந்திருக்கும்.