தீவுக்கு வரும் படச்சட்டம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் எழுவைதீவு மிகச் சிறியவற்றுள் ஒன்று. பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாணத்தோடு பிணைக்கப்பட்ட வேலணைத் தீவைப் போலன்றி, ஊர்காவற்றுறை இறங்குதுறையிற் படகேறிக் கடல் கடந்தே அதனை அடைதல் வேண்டும். அங்குள்ள வீடுகளின் விறாந்தையிற் கால் வைத்ததும் முதலிற் கண்ணிற் படுவன சுவரிலுள்ள படங்களே. முருகன் படமும் திரு இருதய ஆண்டவர் படமும் அவரவர் சமயத்துக்கேற்ப நடுநாயகமாக வீற்றிருக்க, அவற்றின் இரு மருங்கும் அமரராகிவிட்ட பாட்டன் பாட்டியரின் உருவங்களும், கடல் கடந்த தேசத்திற் கலியாணம் செய்துகொண்ட பேரப்பிள்ளைகளின் வண்ணப்படங்களும் அணிவகுத்து நிற்கும். 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் தீவகத்து மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர நேர்ந்தபோது எத்தனையோ வீடுகளில் இத்தகைய படங்கள் கைவிடப்பட்டு அழிந்தன. ஆதலால் இன்று எஞ்சியிருக்கும் ஒரு பழைய புகைப்படம், அந்தக் குடும்பத்துக்கு நகையிலும் காணி உறுதியிலும் குறையாத சொத்தாகும்.

இப்படங்களுக்குப் பிறேம் போடும் காரியத்துக்கு இக்காலத்திற் புதியதொரு வழி பிறந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் இணையத்தைத் திறந்து, படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறித்து, மரத்தின் நிறத்தையும் அட்டையின் வர்ணத்தையும் தெரிந்தெடுத்துப் பணத்தைச் செலுத்தினால், அந்த அளவுக்கென்றே அறுத்துப் பொருத்திய சட்டம் பொதியாக வந்து சேர்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள், அப்பாவின் திவசத்துக்கோ அம்மம்மாவின் அந்தியேட்டிக்கோ இவ்வாறு ஒரு சட்டத்தை வருவித்து ஊருக்கு அனுப்ப விரும்புவது இயல்பே. ஆயினும், வாங்குவோர் கண்ணுக்குத் தெரியும் வெளிவிளிம்பின் அழகையே பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். படத்தின் ஆயுளை நிர்ணயிப்பனவோ அவ்விளிம்புக்குப் பின்னே மறைந்திருக்கும் உறுப்புகள். அவற்றை அறிந்துகொண்டு வாங்குவது எங்கள் தீவைப் போன்ற உப்புக்காற்று வீசும் இடங்களுக்கு இன்றியமையாதது.

சாதாரண வீடுகளிற் படம் மாட்டும் வழக்கம் பரவியது மிகப் பழைய காலத்திலன்று. ராஜா ரவி வர்மா 1894ஆம் ஆண்டிற் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தம் சித்திரங்களை வர்ணப் பிரதிகளாக வெளியிட்ட பின்னரே, அரண்மனையிலும் கோயிலிலும் மட்டும் காணப்பட்ட தெய்வ உருவங்கள் குடியானவனின் சுவரிலும் இடம்பெறலாயின. புகைப்படமும் அவ்வாறே மெல்ல மெல்ல வீடு புகுந்தது. காகிதத்திலான இவ்விரண்டுக்கும் ஈரம், ஒளி, பூச்சி, தூசு என்னும் நான்கினின்றும் காப்பு வேண்டியிருந்தமையால், முன்னே கண்ணாடியும் சுற்றிலும் மரமும் பின்னே அட்டையுமாகிய இந்தக் கூடு அவற்றோடு கூடவே வந்தது.

ஈரத்தையே முதலிற் கூறவேண்டும். பழைய புகைப்படத்தின் மேற்பரப்பில் உருவத்தைத் தாங்கி நிற்பது ஜெலற்றின் என்னும் மெல்லிய படலம். மிருகங்களின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் அப்பொருள் ஈரம் பட்டால் இளகிப் பசையாகும். மாரி காலத்து இரவிற் கண்ணாடி குளிரும்போது சட்டத்தினுள் அடைபட்ட காற்றின் ஈரம் அதன் உட்புறத்தில் நீராகப் படியும்; படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பின் இளகிய படலம் அதனோடு ஒட்டி, வெயில் வந்ததும் ஒட்டியபடியே காய்ந்துவிடும். இத்தகைய படமொன்றைச் சாய்த்து வெளிச்சத்திற் பார்த்தால், நெற்றியிலும் கன்னத்திலும் எண்ணெய் சிந்தியது போன்ற மினுமினுத்த திட்டுக்கள் தோன்றும். அவையே ஒட்டிய இடங்கள். அறியாதவர்கள் பலவந்தமாக இழுக்கும்போது முகம் கண்ணாடியோடு போய், வெறும் காகிதம் கையில் மிஞ்சுகிறது.

இதற்குப் பரிகாரம் மிக எளியது: படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு வெளி இருத்தல் வேண்டும். படத்தைச் சுற்றி யன்னல் போல வெட்டி வைக்கப்படும் மவுண்ட் அட்டையை அலங்காரத்துக்கென்றே பலர் எண்ணுகிறார்கள். ஏறக்குறைய 1.4 மில்லிமீற்றர் தடிப்புடைய அவ்வட்டை, கண்ணாடியைப் படத்தினின்றும் விலக்கி நிறுத்தும் காவலாகவும் இருக்கிறது. மவுண்ட் வேண்டாதவர்கள், விளிம்பினுள் மறைந்திருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் இடைப்பட்டி ஒன்றையேனும் கேட்டுப் பெறவேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணி இதனை விட்டுவிடுவது பெரும் பிழை.

அட்டையின் சாதியும் முக்கியம். மரக்கூழினாற் செய்யப்பட்ட மலிவான அட்டையில் லிக்னின் என்னும் பொருள் எஞ்சியிருப்பதால், பழைய பத்திரிகைத் தாளை மஞ்சளாக்கும் அதே அமிலம் அதிலும் பிறந்து, படத்தின் விளிம்பைச் சுற்றிக் கபில நிறக் கோடொன்றை வரைந்துவிடும். அமிலமற்றது என்று குறிப்பிடப்பட்ட அட்டையையோ, பருத்திக் கூழால் ஆனதையோ கேட்க வேண்டும். இது பின்புற அட்டைக்கும் பொருந்தும். படத்தை அட்டையோடு இணைக்கும்போது நான்கு பக்கமும் பசை பூசுதல் தகாது. காகிதம் ஈரத்தில் விரிந்து உலர்ச்சியிற் சுருங்கும் இயல்புடையதாகையால், மேல்விளிம்பில் மாத்திரம் இரண்டு சிறிய தாட்கீல்களால் தொங்கவிடுதலே முறை. நூதனசாலைகளில் இதற்கு ஜப்பானியத் தாளையும் கோதுமை மாப்பசையையும் உபயோகிக்கிறார்கள். செலோரேப்பை மட்டும் ஒருபோதும் ஒட்டலாகாது. அதன் பசை மஞ்சளித்துக் காகிதத்தினுள் ஊறினால் எடுக்க வழியில்லை.

இனிச் சட்டம் உருவாகும் முறையைப் பார்ப்போம். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் 45 பாகைச் சரிவில் வெட்டினால், இரு துண்டுகள் கூடும் மூலை 90 பாகையாகிறது. நான்கு மூலைகளுக்கு எட்டு வெட்டுக்கள். ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை தவறினாலும் எட்டிலும் சேர்ந்து நான்கு பாகையாகி, மூன்று மூலைகளை நெருக்கிப் பொருத்திய பின் நான்காவது மூலை வாயைப் பிளந்து நிற்கும். இந்தச் சூட்சுமத்தினாலேயே பட்டறைகளில் மோர்சோ என்னும் டென்மார்க்கு நாட்டு இயந்திரத்தைப் பெரிதும் மதிக்கிறார்கள். வி வடிவிற் கூடும் இரு கத்திகள், காலால் மிதிக்கும் விசையினாற் கீழிறங்கி, ஒரு துண்டின் வலமுனையையும் அடுத்த துண்டின் இடமுனையையும் சீவி எடுத்துவிடுகின்றன. வாளால் அறுத்தது போன்ற சிலும்பு அதில் இல்லை. பின்னர், வி வடிவான சிறு தகட்டாணிகளைச் சட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து செலுத்தி மூலைகளைப் பிணைக்கும் வேறோர் இயந்திரம் உண்டு. முன்புறத்தில் ஆணியின் அடையாளமே தெரியாது.

மரத்தைப் பற்றிப் புலம்பெயர்ந்தோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மரம் ஈரத்தை வாங்கி வீங்கும்போது அதன் நார்களுக்குக் குறுக்கேதான் பெருக்கும். நீளத்திற் பெரிதும் மாற்றம் இராது. பனிக்காலத்தில் வெப்பமூட்டப்பட்ட ரொறன்ரோ வீட்டின் உலர்ந்த காற்றிற் கச்சிதமாகப் பொருந்தியிருந்த அகன்ற மரச்சட்டம், வாடைக்காற்று வீசும் மார்கழியில் எங்கள் தீவை வந்தடைந்தால், பட்டிகள் அகலத்திற் பெருத்து மூலைகளின் வெளிநுனி விலகிவிடும். செய்தவன் மீது குற்றமில்லை. இரண்டு காலநிலைகளின் பேதம் அது. மரம்தான் வேண்டும் என்பவர்கள் ஒடுங்கிய பட்டியைத் தெரிவது நன்று. அல்லது கறையான் எளிதில் அணுகாத வேம்பில் உள்ளூர்த் தச்சரைக் கொண்டே செய்விக்கலாம்.

அளவெடுத்தலில் நேரும் தவறே இணையவழி வாங்குவோரை அதிகம் வருத்துவது. பழைய படங்கள் சரியான செவ்வகமாக வெட்டப்பட்டிருப்பது அரிதாகையால் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு இடங்களில், அங்குலத்திலன்றி மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். சட்டத்தின் அளவு என்று விற்பவர் கேட்பது வெளிவிளிம்பையன்று. முன்னே தெரியும் திறப்பையுமன்று. கண்ணாடியும் அட்டையும் படிந்திருக்கும் பின்புறக் காடியின் அளவையே. எட்டுக்குப் பத்து அங்குலப் படம் ஒன்றைக் கொள்வோம். அது 203க்கு 254 மில்லிமீற்றர். மவுண்டின் யன்னல் ஒவ்வொரு புறமும் 5 மில்லிமீற்றர் படத்தின் மேல் ஏறி நிற்க வேண்டுமாதலால் யன்னல் 193க்கு 244. சுற்றிலும் 50 மில்லிமீற்றர் அட்டை தெரிய விட்டால் மொத்தம் 293க்கு 344. இதுவே சட்டத்துக்குச் சொல்லவேண்டிய அளவு. அதன் ஆழத்தையும் கேட்க மறக்கலாகாது. கண்ணாடி, மவுண்ட், படம், தாங்கும் அட்டை, பின்பலகை எல்லாம் சேர்ந்து 8 அல்லது 9 மில்லிமீற்றர் வரும். காடி அதனினும் ஆழமில்லையெனிற் பின்பலகை துருத்தி நிற்கும்.

கண்ணாடியா, பேர்ஸ்பெக்ஸ் என்று வழங்கும் அக்கிரிலிக்கா என்ற வினாவுக்கு, படகிற் பொருள் ஏற்றி இறக்கிப் பழகியவர்கள் உடனே விடை சொல்வார்கள். 2 மில்லிமீற்றர்க் கண்ணாடி சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 5 கிலோகிராம். அக்கிரிலிக் அதிற் பாதிக்கும் குறைவு. சோளகக் காற்றில் அலை எழும்பிப் படகு இறங்குதுறையோடு மோதும் வேளையிற் பொதி கைதவறினாலும் அது நொறுங்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையும் கிடைக்கிறது. கீறல் எளிதில் விழும் என்பது அதன் குறை. மெல்லிய பருத்தித் துணியால் மட்டும் துடைக்க வேண்டும், அமோனியா கலந்த திரவம் ஆகாது. இரு புறமும் ஒட்டியிருக்கும் காப்புத் தாளை உரித்த பின்னரே பூட்ட வேண்டும் என்பதையும் பெறுபவருக்குச் சொல்லிவைப்பது நல்லது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, தீவகத்துக்கு உகந்தது துண்டுகளாக வரும் அலுமினியச் சட்டமே என்பது என் முடிபு. நான்கு பட்டிகளும் ஒடுங்கிய பொதியொன்றில் அடங்கும். மூலைத் தகடுகளைச் செருகித் திருகாணியை முறுக்கினால் எவரும் பூட்டலாம். கறையான் அரிக்காது, ஈரத்திற் பெருக்காது. திருகாணியும் தொங்கவிடும் கம்பியும் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவையா என்று மாத்திரம் விசாரித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் உப்புக்காற்று முதலில் தின்பது அவற்றையே. மாட்டும்போது சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டினாற் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று உலாவும்.

மாரி தொடங்குமுன் உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள பழைய படங்களை ஒரு முறை இறக்கி, பின்புறத்தையும் விளிம்புகளையும் பாருங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருப்பதைக் கண்டால் இழுக்காதீர்கள். ஒட்டியபடியே ஸ்கான் செய்வித்து, பிரதியைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு, மூலப்படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே உலர்ந்த இடத்திற் பத்திரப்படுத்துங்கள்.