மணிக்கட்டு நாடியும் மைய இரத்த அழுத்தமும்

இரத்த அழுத்தம் 140/90 என்று மருத்துவர் கூறும்போது, அது உங்கள் மேற்கையில் உள்ள தமனியின் அழுத்தமாகும். ஆனால் இதயம் தன் இரத்தத்தை முதலில் செலுத்துவது, தன்னை ஒட்டி எழும் பெருந்தமனிக்குள். மூளைக்கும் சிறுநீரகங்களுக்கும் செல்லும் தமனிகள் அதிலிருந்தே கிளைக்கின்றன. அங்கு நிலவும் அழுத்தத்தையே மைய இரத்த அழுத்தம் என்கிறோம்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு துடிப்பும் ஓர் அலையாகத் தமனிகளில் பரவி, கிளைகளில் மோதித் திரும்புகிறது. இதனால் கையை அடையும்போது அலையின் உச்சம் உயர்கிறது. ஆகவே மேல் அளவு பெருந்தமனியில் குறைவாகவும் கையில் கூடுதலாகவும் இருக்கும். கீழ் அளவு பெரும்பாலும் வேறுபடுவதில்லை. இளையோரிடம் மேல் அளவின் வேறுபாடு 10 மி.மீ.க்கும் அதிகமாக இருக்கக்கூடும். முதுமையில் தமனிகள் விறைப்படைவதால் திரும்பும் அலை விரைந்து வந்து மைய அழுத்தத்தை உயர்த்துகிறது, வேறுபாடு சுருங்குகிறது. எனவே, கையில் ஒரே அளவு காட்டும் இருவரின் இதயங்கள் சுமக்கும் பாரம் வெவ்வேறாக இருக்கலாம்.

மைய அழுத்தத்தை நேரடியாக அளக்க, தமனி வழியே மெல்லிய குழாயைப் பெருந்தமனி வரை செலுத்த வேண்டும். எல்லோருக்கும் அவ்வாறு செய்ய இயலாது. அதற்கு மாற்றாக வந்ததே மணிக்கட்டுப் பரிசோதனை. பேனா போன்ற உணர்கருவியை நாடியின் மீது மெதுவாக அழுத்தி, அலையின் வடிவத்தைச் சில நொடிகள் பதிவு செய்வர். குழாய் வழியாகவும் மணிக்கட்டிலும் அளக்கப்பட்ட பலரின் பதிவுகளிலிருந்து பெற்ற கணிதத் தொடர்பைக் கொண்டு, கணினி மைய அழுத்தத்தை மதிப்பிடும். ஊசியோ வலியோ இல்லை.

இது மதிப்பீடே என்பதை மறவாதீர்கள். கையில் பட்டை கட்டி எடுத்த அளவே இக்கணக்கிற்கு அடிப்படை. அது பிழையானால் இதுவும் பிழையாகும். இதயத்துடிப்பு சீரற்றிருந்தாலும் முடிவு நம்பத்தக்கதாக இராது.

2006-இல் வெளியான பிரிட்டன், அயர்லாந்து ஆய்வு ஒன்று 2,000-க்கும் மேற்பட்டோரிடம் இரு மருந்து முறைகளை ஒப்பிட்டது. கையில் அளந்த அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் அம்லோடிபின் அடிப்படையிலான முறையில் மைய அழுத்தத்தின் மேல் அளவு, அட்டெனலால் முறையைவிடச் சராசரியாக 4.3 மி.மீ. குறைவாக இருந்தது. மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் மருத்துவர் பலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதற்கு இது ஒரு சான்று. இதைப் படித்து நீங்களாக மருந்தை மாற்ற வேண்டாம்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. அறிக்கையில் மைய அளவு 125 என்று கண்டு, "140 குறைந்துவிட்டது" என்று மகிழ்ந்து மாத்திரையை நிறுத்திவிடுவோர் இருக்கலாம். குறைந்தது அழுத்தமன்று, அளந்த இடம்தான் வேறு. வழக்கமான சிகிச்சை வரம்புகள் கையில் எடுக்கும் அளவுக்கே வகுக்கப்பட்டவை. மைய அளவு அதற்குத் துணையாகும், மாற்றாகாது.

பரிசோதனைக்கு முன் அரை மணி நேரம் காபி, தேநீர், புகைபிடித்தல் ஆகியவற்றைத் தவிருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டு வாருங்கள். முடிவு கைக்கு வந்ததும், "இந்த எண்ணால் என் சிகிச்சையில் ஏதேனும் மாறுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் மாற்றும் வரை மாத்திரை தொடரட்டும்.