நீக்குவதும் காப்பதும்

மாணவர்களே! கோடை விடுமுறை முடிந்து தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் நாளை நினைத்துப் பாருங்கள். தொடர்வண்டி நகரத் தொடங்குகிறது. நடைமேடையில் நிற்கும் பாட்டி கையசைக்கிறார். அக்காட்சியைப் பதிவுசெய்ய அப்பாவின் திறன்பேசியை உயர்த்துகிறீர்கள். 'சேமிப்பகம் நிறைந்துவிட்டது' என்னும் அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. உடனே கைக்குக் கிடைத்ததையெல்லாம் நீக்கத் தொடங்குகிறோம். அவ்வாறு நீக்கியவற்றுள் என்னென்ன இருந்தன என்பது பல மாதங்களுக்குப் பின்னரே நமக்குத் தெரியவரும்.

திறன்பேசியில் எதை நீக்கலாம், எதைக் காக்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

அளவை அறிதல்

தானியத்தைப் படியாலும் மரக்காலாலும் அளந்தனர் நம் முன்னோர். கணினித் தரவை அளக்கும் அடிப்படை அளவு 'பைட்' ஆகும். ஏறத்தாழ ஆயிரம் பைட் ஒரு கிலோபைட். ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட். ஆயிரம் மெகாபைட் ஒரு கிகாபைட்.

'அம்மா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறி முறையில் இச்சொல் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகளாகப் பதிவாகிறது. பெரிதும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. எனவே, 'அம்மா' என்று எழுத 15 பைட் போதும். ஒளிப்படம் ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு மெகாபைட் தேவைப்படலாம். அந்த இடத்தில் பல நூறு பக்கத் தமிழ் எழுத்து அடங்கிவிடும்.

காணொலியோ மேலும் பெரியது. தெளிவான காணொலி ஒரு நிமிடம் ஓடினால், பதிவு முறைக்கேற்ப 60 முதல் 130 மெகாபைட் வரை இடம்பிடிக்கும். பள்ளி ஆண்டுவிழா நடனத்தைப் பத்து நிமிடம் பதிவுசெய்தால் ஏறக்குறைய ஒரு கிகாபைட் நிறைந்துவிடும். 64 கிகாபைட் திறன்பேசி என்று வாங்கினாலும் அவ்வளவு இடமும் நமக்குக் கிடைப்பதில்லை. இயங்குதளமும் உடன்வரும் செயலிகளும் அதில் ஒரு பகுதியை முன்பே எடுத்துக்கொண்டிருக்கும்.

சேமிப்பகம் முழுதும் நிறைந்தால் புதிய படங்களை எடுக்க இயலாது. பாதுகாப்புக்குரிய இயங்குதளப் புதுப்பிப்புகளையும் நிறுவ இயலாது. திறன்பேசியின் வேகமும் குறையும். ஆகவே, சிறிதளவேனும் இடத்தை எப்போதும் வெறுமையாக வைத்திருத்தல் நன்று.

ஒரு வினா

போகிப் பண்டிகையின்போது வீட்டைத் தூய்மை செய்வோர் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்குவர். கிழிந்த பாயும் உடைந்த கூடையும் வெளியே போகும். பாட்டி தந்த பித்தளை விளக்கு பழையதாயினும் துடைக்கப்பெற்று மீண்டும் உள்ளே வரும். பழையது என்பதற்காக எதையும் எறிவதில்லை. திறன்பேசிக்கும் இதுவே நெறி. ஒன்றை நீக்குமுன் 'இது மீண்டும் கிடைக்குமா?' என்று கேளுங்கள். கிடைக்குமாயின் நீக்கலாம். கிடைக்காதாயின் முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும்.

இந்நெறியை நான் ஓர் இழப்பினால் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளிமாநிலத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை, தேர்வுப்பணிக்கான கோப்பு ஒன்றைப் பதிவிறக்க என் திறன்பேசியில் இடமில்லை. அவசரத்தில் குரல்பதிவுகள் இருந்த கோப்புறை முழுவதையும் நீக்கிவிட்டேன். ஊரிலிருந்து என் தந்தையார் ஞாயிறுதோறும் அனுப்பிய பதிவுகளும் அதில் இருந்தன. "சாப்பிட்டாயா? அங்கே குளிர் எப்படி?" என்பனபோன்ற சிறு பேச்சுகள்தாம் அவை. எல்லாம் சேர்ந்து நூறு மெகாபைட்டும் இரா. அதே திறன்பேசியில் ஒரு கிகாபைட்டுக்கு மேற்பட்ட திரைப்படங்கள் இரண்டு இருந்தன. அவற்றை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் பெற்றிருக்கலாம். அடுத்த ஆண்டு தந்தையார் மறைந்தார். அவர் குரலைக் கேட்க இன்று என்னிடம் ஒரு பதிவும் இல்லை.

செய்முறை

திறன்பேசி பெற்றோருடையதாயின் அவர்களை அருகில் வைத்துக்கொண்டே பின்வருவனவற்றைச் செய்யுங்கள். நமக்குத் தேவையற்றதாகத் தோன்றும் படம் அவர்களுக்கு வங்கி ரசீதாகவோ மருத்துவச் சீட்டாகவோ இருக்கலாம்.

1. முதலில் பார்த்தறிக. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்டோரேஜ்' என்பதைத் திறந்தால், படம், காணொலி, செயலி, ஆவணம் ஆகியவை எவ்வளவு இடம்பிடித்துள்ளன என்பது தெரியும். மிகுதியாக இடம்பிடித்த பகுதியிலிருந்து தொடங்குக.

2. பதிவிறக்கியவற்றை நீக்குக. இணையமின்றிப் பார்ப்பதற்காகச் சேமித்த திரைப்படங்கள், பாடல்கள், நிலப்படங்கள் ஆகியவை மீண்டும் கிடைப்பவை. 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் ஒரே கோப்பு இருமுறை, மும்முறை பதிவிறங்கியிருப்பதும் உண்டு.

3. பயன்படுத்தாத செயலிகளை அகற்றுக. பல மாதங்களாகத் திறக்காத விளையாட்டுச் செயலியை நீக்கலாம். வேண்டும்போது மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால், சில செயலிகள் அவற்றில் சேர்த்துவைத்த குறிப்புகளையும் ஆட்ட நிலையையும் திறன்பேசியில் மட்டுமே வைத்திருக்கும். அவை செயலியுடன் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்.

4. 'கேஷ்' எனப்படும் தற்காலிகச் சேமிப்பை அழிக்கலாம். செயலி விரைந்து இயங்குவதற்காகச் சேர்த்துவைக்கும் தரவு இது. அழித்தாலும் செயலி தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். 'கிளியர் கேஷ்' என்பதற்கு அருகிலேயே 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அச்செயலியில் நாம் சேமித்தவை அழிந்து, புதிதாக நிறுவியதுபோல் ஆகிவிடும். பொத்தானின் பெயரைப் படித்துப் பார்த்த பின்னரே அழுத்துக.

5. வாட்ஸ்அப்பைச் சீர்செய்க. நாள்தோறும் வரும் காலை வணக்கப் படங்களும், பலமுறை பகிரப்பட்ட காணொலிகளும் இடத்தை மெல்ல மெல்ல நிரப்புகின்றன. வாட்ஸ்அப்பின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதனுள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதைத் திறந்தால், பலமுறை பகிரப்பட்டவையும் 5 மெகாபைட்டுக்கு மேற்பட்டவையும் தனித்தனியே காட்டப்படும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குக. குரல்பதிவுகளை விட்டுவிடுக. ஒரு நிமிடக் குரல்பதிவு பெரும்பாலும் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவானது. அதை நீக்குவதால் கிடைக்கும் இடம் மிகச் சிறிது.

6. காப்பவற்றைப் படியெடுக்க. குடும்பப் படங்களையும் குரல்பதிவுகளையும் யுஎஸ்பி வடத்தின் வழியே கணினிக்கோ, பென்டிரைவுக்கோ மாற்றலாம். மாற்றியபின் ஒன்றிரண்டைத் திறந்து சரிபார்த்துவிட்டுத் திறன்பேசியில் உள்ளவற்றை நீக்குக. மிக அரியவற்றை இரண்டு இடங்களில் வைப்பது நன்று. பென்டிரைவும் பழுதாகும், தொலைந்தும் போகும்.

7. இறுதியாகக் குப்பைத்தொட்டியைக் காண்க. நீக்கிய படங்கள் உடனே அழிவதில்லை. பல திறன்பேசிகளில் 30 நாள் வரை 'டிராஷ்' அல்லது 'ரீசைக்கிள் பின்' பகுதியில் தங்கியிருக்கும். அதுவரை அவை பிடித்த இடமும் முழுமையாக விடுபடாது. தவறுதலாக நீக்கியவற்றை அங்கிருந்து மீட்டபின் தொட்டியைக் காலிசெய்க.

இடத்தை ஒழித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் அறிமுகமற்ற செயலிகளை நிறுவ வேண்டா. அவையும் இடம்பிடிக்கும், நம் கோப்புகளைப் பார்க்கும் உரிமையையும் கேட்கும்.

மேகச் சேமிப்பு

நம் படங்களை இணையத்தின் வழியே வேறிடத்துக் கணினிகளில் சேமிப்பது மேகச் சேமிப்பு எனப்படும். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 கிகாபைட் வரை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. மின்னஞ்சல், ஆவணங்கள், படங்கள் ஆகிய அனைத்துக்கும் பொதுவான அளவு அது.

இங்கு இரண்டு செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, 'கூகுள் போட்டோஸ்' செயலி ஆண்ட்ராய்டு திறன்பேசியின் கேமராவில் எடுத்த படங்களையே இயல்பாகப் படியெடுக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் கோப்புறையை நாம்தான் தனியே சேர்க்க வேண்டும். ஊரிலிருந்து தாத்தா அனுப்பிய படம் மேகத்தில் இருக்கும் என்று நம்பி நீக்கினால் ஏமாற நேரிடும். இரண்டாவது, அச்செயலியில் உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பது, படியெடுத்து முடித்த படங்களைத் திறன்பேசியிலிருந்து மட்டும் அகற்றும். அவ்வாறன்றி, படத்தைத் தேர்ந்தெடுத்து 'டெலீட்' செய்தால் மேகத்தில் உள்ள படியும் சேர்ந்தே நீங்கும்.

மாதந்தோறும் ஒருநாளை இப்பணிக்கு ஒதுக்குங்கள். அமைதியாக அமர்ந்து செய்தால் அரை மணி நேரம் போதும். அடுத்த விடுமுறையில் தொடர்வண்டி நகரும்போது, பாட்டி கையசைப்பதைப் பதிவுசெய்ய இடமிருக்கும். சென்ற ஆண்டு அவர் கையசைத்த காட்சியும் உங்களிடம் பத்திரமாக இருக்கும்.

சொற்பொருள்

மரக்கால் – தானியம் அளக்கும் கருவி
பரண் – பொருள்களை வைக்கக் கூரைக்குக் கீழே அமைக்கும் மேடை
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குரிய பொதுக் குறியீட்டு முறை
படியெடுத்தல் – நகல் எடுத்தல்

பயிற்சி

1. 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' – வேறுபடுத்தி எழுதுக.
2. 'மாமா' என்னும் சொல்லை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்க எத்தனை பைட் தேவை? கணக்கிடுக.
3. ஆசிரியர் எதை நீக்கியிருக்க வேண்டும்? ஏன்?
4. உங்கள் வீட்டுத் திறன்பேசியில் உள்ள, மீண்டும் கிடைக்காத ஐந்து பதிவுகளைப் பெற்றோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.