நீச்சல் குளத்தில் பிறந்த காலுறை

பகல் முழுக்க வட்டையில் நின்றுவிட்டு இறக்காமம் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் கால் உளைச்சல் லேசாகும். வரிப்பத்தான்சேனையில் வயல் செய்பவர்களுக்கு இது பழகிய சுகம். குளிர்ச்சிக்கு அதில் ஒரு பங்கு உண்டு. பெரிய பங்கு தண்ணீரின் பாரத்துக்கு.

அசையாமல் நிற்பவரின் கணுக்கால் நாளத்தில் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசம். இதயம் வரையுள்ள இரத்தத்தின் பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை நாளத்தைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றும். அழுத்தம் 30 அளவுக்கு விழுந்துவிடும். ஏறிய இரத்தம் திரும்பாமல் தடுப்பவை நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள், ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் வாய்க்கால் கதவுகள் போல. அவை பழுதானால் இரத்தம் தேங்கி, தோலுக்கடியில் நாளம் புடைத்து நெளியும். அதுதான் வெரிக்கோஸ். குடும்ப வழி, பிள்ளைப்பேறு, உடற்பருமன், நின்றே செய்யும் தொழில் எல்லாம் அதற்குத் துணைபோகின்றன. ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிதாய்ப் படரும் சிலந்தி நாளங்கள் பெரும்பாலும் தீங்கில்லாதவை.

ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவின் டொலிடோ நகரில் வாழ்ந்த பொறியியலாளர் கொன்ராட் ஜோப்ஸ்டுக்கும் கால் நாள நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வேதனை தணிவதை அவர் கவனித்தார். மருந்து எதுவும் கலக்காத வெறும் தண்ணீர்! ஆனால் அவர் பொறியியலாளர். கணக்கு உடனே புரிந்தது. ஆழம் கூடக்கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடும். ஒரு மீற்றர் ஆழத்தில் அது சுமார் 74 மில்லிமீற்றர் இரசம். இரத்தம் உள்ளிருந்து எந்த இடத்தில் அதிகம் தள்ளுகிறதோ, அதே இடத்தில்தான் தண்ணீரும் வெளியிலிருந்து அதிகம் அழுத்துகிறது. கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் பிடிக்கும் காலுறையை 1950ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கினார். இன்று உலகெங்கும் டொக்டர்மார் எழுதிக்கொடுக்கும் காலுறைக்கு அடிப்படை அந்தக் குளம்தான்.

அளவெடுக்காமல் பாமசியில் வாங்கி மாட்டுவதோ பெருந்தவறு. மேலே இறுகிக் கீழே தளர்ந்த உறை, இரத்தத்தை இன்னும் தேக்கும். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களின் நாடிக்குழாய் அடைத்திருந்தால், இறுக்கமான உறை காலுக்கே ஆபத்து. முதலில் பாத நாடியைப் பரிசோதிக்க வேண்டும்.

இன்னும் வருத்தம் தருவது, காலைக் காட்டாமலே இருப்பது. பிள்ளைப்பேறுகளுக்குப் பிறகு புடைத்த நாளத்தை எத்தனையோ உம்மாமார் உடுப்புக்குள் மறைத்து, எண்ணெய் தேய்த்தே வருடங்களைக் கடத்துகிறார்கள். கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்து, தடித்து, ஆறாத புண்ணான பிறகே வெளியே வருகிறார்கள். பெண் டொக்டரைக் கேட்டு வாங்குவது அவர்களின் உரிமை. வீட்டு ஆண்கள் அதற்கு உதவுவது கடமை.

டொப்ளர் ஸ்கேன் எந்த வால்வு பழுதென்று காட்டிவிடும். முன்பு நாளத்தை உருவி எடுப்பதே வழக்கம். இப்போது அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, லேசராலோ ரேடியோ அலையாலோ உள்ளிருந்தே சுட்டு மூடுகிறார்கள். நோயாளி அன்றே நடந்து வீடு போகலாம். சிறிய நாளங்களுக்கு ஊசிமருந்து போதும். மூடிய நாளத்தின் வேலையை ஆழத்திலுள்ள நாளங்கள் ஏற்றுக்கொள்ளும். இதய பைபாஸுக்கு டொக்டர்மார் காலிலிருந்து எடுப்பதும் இதே மேல்நாளத்தைத்தான்.

புடைத்த நாளம் உடைந்து இரத்தம் பீறினால், உடனே படுக்கவைத்து, காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்த வேண்டும். நிறுத்தியோ உட்காரவைத்தோ வண்டிக்குக் காத்திருந்தால் இரத்தம் நிற்காது.