உங்களுக்குத் தெரியுமா? திமிரியும் பாரியும்

● முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை பிறந்த தலம் திருத்தணி. முருகனே முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு இட்டதாகவும், உடனே ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ பாடப்பட்டதாகவும் ஐதிகம். ராகம் மாயாமாளவகௌளை. இதில் வரும் மத்தியமம், சுத்த மத்தியமம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாகஸ்வரங்களை ஒப்பிட இந்த ஒரு சுரமே போதும்.

● நாகஸ்வரத்தில் இரண்டு வகை உண்டு. திமிரி குட்டையானது, சுருதி 4 முதல் 5 கட்டை. பாரி ஏறத்தாழ இரண்டரை அடி நீளம்; சுருதி 2, இரண்டரைக் கட்டை. குழல் நீண்டால் உள்ளே அதிரும் காற்றும் நீளும், சுருதி இறங்கும்.

● திமிரியின் நாதம் கூர்மையானது, எட்டுவது. வீதிப் புறப்பாட்டில் தவிலையும் கூட்டத்தின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். பாரியின் நாதம் கனமானது, குழைவானது. நின்று நிதானித்துச் செய்யும் ராக ஆலாபனைக்கு அது இடம் கொடுக்கும்.

● திமிரியில் சுத்த மத்தியமம் தானாக விழாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். திருத்தணிக் கீர்த்தனையைத் திமிரியில் பிசகாமல் வாசிப்பவரின் உழைப்பு இப்போது புரிகிறதா?

● இந்தக் குறையைத் தீர்த்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) அவர் உருவாக்கிய பாரியில் சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசியது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

● குழலுக்கு ஆச்சா மரம். அதிலும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல காலம் காய்ந்து இறுகிய கட்டைக்குத் தனி மதிப்பு. நாதம் பிறக்கும் சீவாளி, காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையில் செய்யப்படுகிறது. சீவாளியை மாற்றினால் அதே குழலின் குரலே மாறிவிடும்.

● குழலில் துளைகள் 12. விரல் வைப்பது 7-ல் மட்டுமே. கீழே உள்ள மற்ற 5 துளைகள் சுருதியைச் சீராக்க. தேவைக்கேற்ப மெழுகால் அடைப்பார்கள்.

● நம் காதுத் துவாரமும் ஒரு குழல்தான். நீளம் சுமார் 2.5 செ.மீ. அது 3000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒலியை இயல்பாகவே பெருக்கித் தரும். காதுக்குள் செருகும் இயர்போன் துவாரத்தை அடைப்பதால் அந்த இயல்பு மாறிவிடுகிறது. அதை ஈடுகட்டத் தயாரிப்பாளர்கள் அந்தப் பகுதியைத் தூக்கி அமைக்கிறார்கள். தூக்கும் அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு. அதனால்தான் விலை உயர்ந்த இரண்டு இயர்போன்களில் ஒரே நாகஸ்வரப் பதிவு, ஒன்றில் திமிரிபோல் பளீரென்றும் மற்றதில் பாரிபோல் கனமாகவும் கேட்கக்கூடும்.

● ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். சற்று உரத்து ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும். இயர்போனுக்கும் இது பொருந்தும், நாகஸ்வரத்துக்கும் பொருந்தும்.

● இன்று மேடையிலும் கோயிலிலும் பாரியே ஆள்கிறது. திமிரியைக் கேட்பது அரிதாகிவிட்டது. கச்சேரிக்குப் பாரி இருக்கட்டும். ஆனால் திறந்த வெளிக்கென்றே பிறந்த நாதம் திமிரி. திருவிழாப் புறப்பாடுகளிலாவது அதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் அதைக் கற்பவரும் இருப்பார்.